மணம் முறிந்தால் மண்ணும் போகுமா?

அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மணந்து அங்கே குடியேறுபவருக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் கிரீன் கார்டு கிடைத்தால், அது இரண்டே ஆண்டு செல்லுபடியாகும் நிபந்தனை அட்டையாகத்தான் இருக்கும். காலாவதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு ஐ-751 மனுவைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நிபந்தனை நீங்கும். குடியேற்றத்துக்காகச் செய்யப்படும் போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் வந்த சட்டத்தின் ஏற்பாடு இது. இரண்டாவது கையெழுத்து விழுவதற்குள் மணம் முறிந்துவிட்டால் என்ன ஆகும் என்பது வழக்கறிஞர் அலுவலகங்களில் தினமும் கேட்கப்படும் கேள்வி. அதற்கு அடியில் தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது: ஒரு திருமணம் மெய்யானதா என்பதை அது எவ்வளவு காலம் நீடித்தது என்பதைக் கொண்டு தீர்மானிக்கலாமா? கூடாது என்பது என் வாதம். பிரிந்தால் வசிப்புரிமை போகும் என்று அச்சுறுத்தும் சட்டம், தான் காக்க நினைக்கும் மெய்ம்மையையே கெடுக்கிறது என்பது அந்த வாதத்தின் மறுபாதி.

திருமணத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று சமயங்கள் நெடுங்காலம் யோசித்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் மணத்தை உண்டாக்குவது இருவரின் இசைவு. ஒரு மணம் செல்லாது என்று முறையீடு வந்தால், திருச்சபை நீதிமன்றம் துருவிப் பார்ப்பது பீடத்தின் முன் நின்ற வேளையில் இருவர் மனத்திலும் என்ன இருந்தது என்பதைத்தான். பிற்பாடு வந்த சண்டையும் பிரிவும் அந்த இசைவைப் பற்றி ஏதேனும் சொன்னால் சாட்சியாகும். தாமாக அவை எதையும் மெய்ப்பிப்பதில்லை. இஸ்லாத்தில் இதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. புகாரி தொகுப்பின் முதல் நபிமொழி, செயல்களின் மதிப்பு நிய்யத்தை, அதாவது உள்நோக்கத்தை, பொறுத்தது என்கிறது. அதற்கு அது காட்டும் உதாரணமே ஊர்பெயர்தல்தான். ஒரு பெண்ணை மணப்பதற்காகப் பெயர்வதும் அதில் அடக்கம். குடியேற்ற அதிகாரியின் மேசையில் கிடக்கும் கோப்பின் விஷயமும் இதுவே. ஆனால் உள்ளத்தை அறிபவன் இறைவன், மனிதத் தீர்ப்பாளர் வெளியே தெரிவதைக் கொண்டுதான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று இஸ்லாமியச் சட்ட மரபு தனக்குத்தானே ஓர் எல்லையும் போட்டுக்கொண்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் வேறு வழியில் நடந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 1975இல் பார்க் என்பவரின் வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், மணம் செய்தபோது சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே அளவுகோல் என்றது. பிறகு பிரிந்தார்கள் என்பது மட்டுமே மோசடிக்குச் சான்றாகாது. குடிமக்களின் திருமணங்களைவிட வெற்றிகரமான திருமணத்தை வெளிநாட்டவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் சட்டத்தின் கை நடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. 1986இன் மூல வாசகப்படி, தக்க காரணம் காட்டித் தானே விவாகரத்துக் கோரிய குடியேறிதான் மணமுறிவைச் சொல்லிக் கூட்டு மனுவிலிருந்து விலக்குக் கேட்க முடியும். கணவன் வழக்குப் போட்டு மனைவியை விலக்கிவிட்டால் அந்தக் கதவு அவளுக்குத் திறக்காது. கைவிட்டவரின் தவறுக்குக் கைவிடப்பட்டவர் நாட்டையும் இழக்க வேண்டும் என்ற இந்த விசித்திரத்தை 1990இல் நாடாளுமன்றம் திருத்தியது. இன்று யார் வழக்குப் போட்டாலும், நல்லெண்ணத்தோடு மணந்தேன் என்று நிரூபித்தால் தனியாக மனுச் செய்யலாம். நிரூபிப்பது என்றால் கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து கட்டிய வரி, காப்பீடு, புகைப்படங்கள். வீட்டுக் காகிதங்கள் எல்லாம் கணவன் பெயரில் மட்டும் இருக்கும் குடும்பத்தில், கடவுச்சீட்டைக்கூட அவனிடம் கொடுத்துவிட்டு இருக்கும் பெண்ணிடம் இவற்றில் எத்தனை இருக்கும்? மிக மோசமான வீட்டிலிருந்து வெளியே வருபவரிடம்தான் சான்றுகள் மிகக் குறைவாக இருக்கும். இந்த விலக்குக்கு முடிந்துபோன விவாகரத்துத் தீர்ப்பும் வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 2010 வரை, துணைவர் மீது குற்றம் எதுவும் நிறுவாமல் ஒருவர் தனியாகக் கேட்டு விவாகரத்துப் பெறவே இயலாது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் என் வாதத்தின் மையம் சான்றுகளில் இல்லை. ஒருவர் ஒரு மணவாழ்வில் இருக்கிறார் என்பதற்கு எப்போது பொருள் உண்டு? விலக முடியும் என்ற நிலையிலும் விலகாமல் இருக்கும்போது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஒற்றுமை இல்லாத மணத்தை முடித்துக்கொள்ளும் உரிமை கணவனுக்கும் மனைவிக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. திருமணத்தையே அழிக்கப் பார்க்கிறார்கள் என்று அன்று பழித்தவர்கள் இருந்தார்கள். வெளியேறும் உரிமை இருந்தால்தான் உள்ளே இருப்பது சம்மதமாகும் என்ற எளிய உண்மையை அவர்கள் காணவில்லை. இப்போது நிபந்தனை அட்டையை எண்ணிப் பாருங்கள். அன்பு தீர்ந்துபோன, ஒருவேளை அடியும் வசவும் தொடங்கிவிட்ட ஒரு வீட்டில், அட்டைக்காக ஒருவர் மீதி நாட்களைக் கடத்துகிறார். புகைப்படத்துக்குச் சிரிக்கிறார், நேர்காணலில் எல்லாம் நலம் என்கிறார். குடியேற்றத்துக்காக நடிக்கப்படும் திருமணம் என்று எதற்குச் சட்டம் பயந்ததோ, அது இப்போது அரங்கேறுகிறது. தொடக்கத்தில் மெய்யாக இருந்த மணத்தைப் பொய்யாக்கியது யார் என்றால், பொய்யைப் பிடிக்க வந்த விதிதான்.

துணைவர் இருவரும் நல்லவர்களாக இருந்தால் சிக்கல் இல்லையே என்று தோன்றலாம். அயர்லாந்துத் தத்துவவாதி பிலிப் பெட்டிட் இதற்குப் பதில் தருகிறார். அடிமைத்தனம் சாட்டையில் இல்லை, சாட்டையை எடுக்கலாமா வேண்டாமா என்பது முழுக்க இன்னொருவர் விருப்பத்தில் இருப்பதில் உள்ளது. நல்ல எஜமானின் கீழ் இருப்பவரும் எஜமானின் கீழ்தான் இருக்கிறார். ஒருவர் எந்த நாட்டில் வாழலாம் என்பதை அவரோடு ஒரே மேசையில் சாப்பிடும் மற்றவரின் கையெழுத்தில் வைத்தால், அந்தக் கையெழுத்து எப்போதும் மறுக்கப்படாவிட்டாலும் வீட்டின் காற்று மாறிவிடும். இது புதிய நோயும் அல்ல. 1907இன் சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் கணவனின் குடியுரிமைக்குள் போய்விடுவாள். கலிஃபோர்னியாவில் பிறந்து, பிரிட்டிஷ் குடிமகனை மணந்து, அங்கேயே வாழ்ந்த ஈத்தல் மெக்கென்ஸி வாக்காளராகப் பதியப் போனபோது மறுக்கப்பட்டார். 1915இல் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பைச் சரி என்றது. 1922இல் கேபிள் சட்டம் இதைத் திருத்தியது, ஆனால் குடியுரிமை பெறத் தகுதியற்ற ஆசிய ஆண்களை மணந்தவர்களுக்கு 1931 வரை விடிவில்லை. இந்தியர் அந்தத் தகுதியற்றோர் பட்டியலில் என்று 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பான பிறகு, அமெரிக்காவில் வாழ்ந்த இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸின் மனைவி மேரி கீட்டிங் தன் சொந்த நாட்டின் குடியுரிமையையே இழந்தார். மனைவியின் நாடு கணவனின் நிழல் என்ற அந்தப் பழைய எண்ணம் ஒழிந்துவிட்டதாகச் சொல்கிறோம். ஒழிந்தது குடிமக்களுக்கு, குடியேறிகளிடம் அது மிச்சம் இருக்கிறது.

மோசடி என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு கையெழுத்திடும் திருமணங்கள் உண்டு. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே சான்றோர் மணச் சடங்குகளை வகுத்தனர் என்ற செய்தி தொல்காப்பியத்தின் கற்பியலிலேயே இருக்கிறது. ஏமாற்று வரும் இடத்தில் சாட்சியும் முறையும் கேட்பதில் தவறில்லை. ஆனால் எதைச் சோதிப்பது? மோசடித் திருமணம் என்று நிறுவப்பட்டால் அமெரிக்காவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, பிறகு எவர் மனுச் செய்தாலும் குடியேற்ற விசாவுக்கு நிரந்தரத் தடையும் உண்டு. குடியுரிமை வாங்கிய பிறகு வெளிப்பட்டாலும் அதைப் பறிக்க வழி இருக்கிறது. இவை மோசடியை நேராகத் தாக்கும் கருவிகள். விவாகரத்து அப்படிப்பட்ட கருவி அல்ல. திட்டமிட்டு ஏமாற்றுபவர் நாட்காட்டி பார்த்து இரண்டு ஆண்டு பொறுத்துக்கொள்வார்; அவருக்குக் காயம் எதுவும் இல்லை. பொறுக்க முடியாமல் பாதியில் வெளியேறுபவர் பெரும்பாலும் நம்பி வந்தவர். தவிர, 1986இன் சட்டத்தை உந்திய எண்ணே ஆட்டம் கண்டது. குடிமக்களுக்கும் வெளிநாட்டவருக்கும் இடையிலான திருமணங்களில் 30 சதவீதம் போலி என்று குடியேற்றத் துறை நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு, அடித்தளமே பழுதான கணக்கெடுப்பிலிருந்து வந்தது என்பது பிறகு நடந்த வழக்கில் வெளிப்பட்டது.

கனடா இதை ஒரு பரிசோதனையாகவே செய்து பார்த்துவிட்டது. ஈழத்திலிருந்து துணைவரை ஸ்பான்சர் செய்து வரவழைத்த குடும்பங்கள் டொராண்டோவில் ஏராளம் என்பதால் தமிழர்கள் இதை நேரிலேயே அறிவார்கள். 2012 அக்டோபரில், உறவு இரண்டு ஆண்டுக்கு மேற்படாமலும் பொதுவான பிள்ளை இல்லாமலும் இருந்தால், வந்தவர் இரண்டு ஆண்டு ஸ்பான்சரோடு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். கொடுமைக்கு ஆளானவர்களுக்கு விலக்கும் வைத்தார்கள். ஆனால் விலக்கு இருப்பது சட்டப் புத்தகத்துக்குத் தெரியும். மொழி தெரியாமல், வெளியே ஒருவரையும் அறியாமல் இருப்பவருக்கு ‘போலீஸுக்குப் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்’ என்ற வீட்டுக் குரல்தான் சட்டம். அந்தஸ்தை இழக்கும் அச்சத்தில் கொடுமைக்குள்ளேயே தங்கிவிடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, 2017 ஏப்ரலில் அரசு அந்த விதியை நீக்கியது. ஏமாற்றைத் தடுக்கும் மற்ற விதிகள் அப்படியே இருந்தன. துணைவராக வந்தவர் ஐந்து ஆண்டுவரை இன்னொரு துணைவரை ஸ்பான்சர் செய்ய முடியாது என்பது அவற்றில் ஒன்று.

இன்னோர் ஆட்சேபம் தர்க்கத்தில் இதைவிட வலுவானது. திருமணம் என்ற காரணத்துக்காகத்தான் உரிமை தரப்பட்டது; காரணம் போனால் காரியமும் போகவேண்டாமா? அரசே இந்த நியாயத்தைத் தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும்தான் பின்பற்றுகிறது. துணைவரை வரவழைக்கும் அமெரிக்கர், அவரைத் தாங்குவேன் என்று ஐ-864 என்ற உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். விவாகரத்தால் அந்தப் பொறுப்பு முடிவதில்லை. வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு உழைப்பு அவர் கணக்கில் சேரும்வரை, அல்லது நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போகும்வரை, அல்லது சாகும்வரை அது தொடரும். கனடாவில் ஸ்பான்சரின் கடமை மணமுறிவையும் தாண்டி நிற்கிறது. நலத்திட்டத்தில் துணைவர் வாங்கிய பணத்தை ஸ்பான்சர்களிடம் வசூலிக்கலாம் என்று 2011இல் மாவி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆக, மணம் முடிந்தாலும் அதன் விளைவுகள் முடிவதில்லை என்று கருவூலம் பேசும் இடத்தில் சட்டத்துக்குத் தெரிகிறது. குடிமகன் இறந்துபோனால், மணமாகி இரண்டு ஆண்டு ஆகாத துணைவரின் விண்ணப்பமும் கூடவே செத்துப்போகும் என்ற விதியையும் அமெரிக்கா 2009இல் கைவிட்டது. அங்கேயும் போனது இதே காரணம்தானே?

காரணம் ஒருவரை உள்ளே கொண்டுவருகிறது. உள்ளே வந்தபின் அவரை அங்கே நிறுத்துவது வேறு. ஜோசப் கேரன்ஸ் என்ற அரசியல் தத்துவவாதி சமூக உறுப்புரிமை என்று இதைச் சொல்கிறார்: ஓரிடத்தில் வாழ்ந்து, வேலை செய்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, நாட்கள் கூடக்கூட ஒருவருக்கு அந்தச் சமூகத்தின் மேல் உரிமை வளர்கிறது. எல்லாச் சலுகையும் மணமுறிவுக்குப் பிறகும் தொடர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கக் குடிமகனோடு மணவாழ்வில் இருப்பவர் மூன்றே ஆண்டில் குடியுரிமை கேட்கலாம், மற்றவர்கள் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். உறுதிமொழி எடுக்கும் முன் விவாகரத்து ஆனால் அந்த மூன்றாண்டுச் சலுகை போகிறது. இதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. விரைவுப் பாதை அடைபடுகிறது, வீடு போவதில்லை. ஏமாற்றப்பட்டதாக உணரும் குடிமகனுக்கும் அநியாயம் செய்ததாகாது. அவருக்கு நீதிமன்றம் உண்டு, மோசடிப் புகார் உண்டு. துணைவரை நாடு கடத்தும் அதிகாரம் மட்டும் அவர் கையில் இருக்கத் தேவையில்லை.

மணத்தைப் புனிதம் என்று கருதுவோர், பிரிவை இத்தனை எளிதாக்கலாமா என்று கேட்கக்கூடும். நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தால் காக்கப்படும் புனிதம் எந்தச் சமயத்தின் புனிதம் என்று தெரியவில்லை. இசைவே மணத்தை உண்டாக்குகிறது என்னும் திருச்சபை, வற்புறுத்தலாலும் பேரச்சத்தாலும் பெற்ற இசைவைச் செல்லாததாகவே கொள்கிறது.

இந்தியாவும் இந்த விஷயத்தில் விலகி நிற்கவில்லை. குடிமக்களை மணந்து, மணம் பதிவாகி இரண்டு ஆண்டு நிறைந்த வெளிநாட்டவருக்கு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை தருகிறோம். விவாகரத்து ஆனால் அதை ரத்து செய்யக் குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவு இடம் தருகிறது. பல ஆண்டு இங்கேயே வாழ்ந்தாரா, பிள்ளைகள் இந்தியரா என்று அந்த விதி கேட்பதில்லை. மீண்டும் அமெரிக்காவுக்கு வந்தால், அங்கே தமிழ்ப் பெண்கள் பலர் மாட்டிக்கொள்வது நிபந்தனை அட்டையில் அல்ல, எச்-4 விசாவில். கணவரின் எச்-1பி வேலை விசாவைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த அந்தஸ்து விவாகரத்துத் தீர்ப்போடு முடிந்துபோகிறது. இந்தியருக்கான கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் இருவரும் சேர்ந்தே காத்திருந்தாலும், அட்டை கைக்கு வரும் முன் மணம் முறிந்தால் காத்திருந்த ஆண்டுகள் எல்லாம் கணவருடையவை. மனைவிக்கு வரிசையில் இடமே இல்லை, அவள் பெற்ற பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலும். நல்லெண்ணத்தோடு மணந்தேன் என்று நிரூபித்து நிற்க அவளுக்கு ஒரு படிவம்கூடக் கிடையாது. இதைச் சரிசெய்யப் புதிய தத்துவம் ஒன்றும் வேண்டியதில்லை. நிபந்தனை அட்டைக்காரருக்கு 1990இல் ஒப்புக்கொண்ட அதே விலக்கை, வரிசையில் நிற்பவருக்கும் நீட்டி, அவர் காத்திருந்த தேதியையும் வேலை அனுமதியையும் அவர் பெயரிலேயே எழுதிக் கொடுத்தால் போதும்.