அண்டை வீட்டுக் கிடாய்



பெரிய வியாழன்தோறும் முதல் வாசகத்தில் பாஸ்கா ஆடு வந்துவிடுகிறது. ஒரு வயதுக் கிடாய், பழுதற்றது. அது எந்த நாட்டில் வெட்டப்பட்டது என்று யோசித்ததுண்டா? ஆட்டுத் தலை கொண்ட தெய்வத்தைக் கும்பிட்ட நாட்டில்.

எகிப்தின் தென் எல்லையில், இன்றைய அஸ்வானை ஒட்டி, நைல் ஆற்றுக்குள் எலிஃபன்டைன் என்றொரு தீவு. அதன் காவல் தெய்வம் க்னூம். மனித உடல், கிடாய்த் தலை, இருபுறமும் முறுக்கி நீண்ட கொம்பு. நைலின் வெள்ளத்தைத் திறந்துவிடுபவர் அவர். குயவர் சக்கரத்தில் களிமண்ணால் மனிதரை வனைபவரும் அவரே என்று நம்பினார்கள். சிரிக்க வேண்டாம். எரேமியா இறைவாக்கினர் காட்டும் நம் ஆண்டவரும் குயவர்தான். கோயில் கிடாய் செத்தால் துணி சுற்றி, பொன்முலாம் பூசி அடக்கம் செய்தார்கள்.

பாரசீகர் ஆட்சியில் அத்தீவில் யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். க்னூம் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆண்டவருக்கு ஆலயம் வைத்திருந்தார்கள். அங்கே கும்பிடுவது ஆடு, இங்கே பலியாவதும் ஆடு. கி.மு. 410இல் க்னூமின் பூசாரிகள் அதிகாரி விதரங்காவைக் கையில் போட்டுக்கொண்டு ஆலயத்தை இடித்தார்கள். கேதுருக் கூரை எரிந்தது. பொன், வெள்ளிக் கலங்கள் கொள்ளை போயின. யூதர்கள் சாக்கு உடுத்தி, எண்ணெய் தடவாமல் துக்கம் காத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து யூதேயா ஆளுநருக்கு அவர்கள் எழுதிய மனு பாப்பிரசுத் தாளில் இன்றும் இருக்கிறது.

திரும்பக் கட்ட அனுமதி வந்தது. அதில் உணவுப் படையலும் தூபமும் உண்டு; எரிபலி பற்றிப் பேச்சே இல்லை. ஆடு மாடு பலியிட மாட்டோம் என்று அவர்களே எழுதிக்கொடுத்த கடிதமும் கிடைத்திருக்கிறது. எருசலேம் ஆலயத்துக்காகவா, பக்கத்துக் க்னூம் கோயிலுக்காகவா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். பக்கத்துக் கோயிலும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. எகிப்தியர் கண்முன் அவர்கள் அருவருப்பதைப் பலியிட்டால் கல்லெறிய மாட்டார்களா என்று மோசேயே பார்வோனிடம் கேட்டவர்தானே. சகோதரனுக்கு இடறல் என்றால் எனக்கு இறைச்சியே வேண்டாம் என்றார் பவுல்.

நம் ஊட்டி மலைக்கு வருவோம். 1603இல் கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து இயேசு சபைக் குரு ஃபெனிசியோ இங்கே ஏறி வந்தார். மலையில் கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்வி. கண்டதோ தோடர்களையும் அவர்களுடைய எருமைகளையும். அவர்கள் இன்றும் நம் அண்டை வீட்டார். ஊட்டிக்கு வரும் சொந்தக்காரர்களை தோடர் குடியிருப்பான முத்தநாடு மந்துக்குக் கூட்டிப்போகிறீர்கள், நல்லது. அங்குள்ள தோடர் கோயிலின் கற்சுவருக்கு வெளியே நில்லுங்கள். கோயிலுக்குள் போவது அவர்கள் பூசாரி மட்டுமே. செல்ஃபிக்காகச் சுவரேறுவது வேண்டாம், தம்பிகளே.

நாளை சிலுவைப்பாதை மேல் லைன் வழியாகப் போகும். மாரியம்மன் கோயில் முன்னால் நம் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வாயால் பாடிக்கொண்டு நடப்போம். கோயில் கமிட்டியில் பேசியாயிற்று; திருவிழாப் பாட்டை மூன்று மணியிலிருந்து ஐந்து வரை அவர்களும் நிறுத்துகிறார்கள். தண்ணீர்ப் பானை அவர்கள் வாசலில் இருக்கும்.