சும்மாட்டுக்குக் கீழே

கொல்லிமலை, செம்மேடு. விடியல். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கொடியில் பனி.

எழுந்து நிற்கிறேன். நேற்று மாலை இருந்ததைவிட உயரம் ஒரு சென்டிமீட்டராவது கூடியிருக்கும். முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் ஜவ்வு, படுத்திருக்கையில் நீரை உறிஞ்சுகிறது. நிற்க நிற்கக் கசியவிடுகிறது.

குனிய மனமில்லை. நீர் நிறைந்த முதுகு இறுக்கமாக இருக்கிறது.

மேட்டில் ஒரு பெண். தலையில் விறகுக் கட்டு. பழஞ்சேலையைச் சுருட்டிய சும்மாடு.

கழுத்து அசைவதில்லை. இடுப்பு அசைகிறது. பாதம் கல்லைத் தேடி வைக்கிறது.

கழுத்தில் ஏழு எலும்புகள். தலையே நாலைந்து கிலோ. அதன்மேல் காடு.

அழகு என்று ஒரு சொல் வருகிறது. வந்தபடியே போகிறது.

கென்யாவின் லுவோ, கிகுயு பெண்களை 1986இல் அளந்திருக்கிறார்கள். தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலைமேல் வைத்தோ நெற்றிப் பட்டையில் மாட்டியோ சுமந்தும், அவர்களுக்குக் கூடுதல் மூச்சு தேவைப்படவில்லை. அளந்தது மூச்சை. கழுத்தை அல்ல.

ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள். ஆயிரத்துக்கும் மேல். இறங்கும்போது முழங்கால் பேசுகிறது. ஏறும்போது முதுகு.

பையை ஒற்றைத் தோளுக்கு மாற்றுகிறேன். உடல் மறுபக்கம் சாய்கிறது. நான் சாய்க்கவில்லை.

நிற்கிறேன். மூச்சு. அருவிச் சத்தம். மூச்சு.

ஸ்வீடன் மருத்துவர் நாக்கெம்சன், இடுப்பு ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அழுத்தம் பார்த்தவர். நிற்கையில் 100 என்றால், மல்லாந்து படுக்கையில் 25. முன்னால் குனிந்தால் 150. கையில் எதுவும் இல்லாமலே.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். லாரி சுமந்து ஏறுகிறது. தோட்டத்திலிருந்து சாலைவரை இன்னும் தலைதான். பலா, வாழைத்தார், மிளகு மூட்டை.

தூக்கிவிட ஒரு கை வேண்டும். இறக்கிவிட ஒரு கை. நடுவில் யாரும் இல்லை.

சமவெளியின் பழைய பாதைகளில் சுமைதாங்கி உண்டு. நட்ட கல் இரண்டு, குறுக்கே ஒன்று. நெஞ்சுயரம். குனியாமல் இறக்கலாம், துணையில்லாமல் ஏற்றலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக நட்டார்கள்.

மேட்டில் பார்த்த பெண்ணின் விறகுக் கட்டு வேலியோரம் இறங்குகிறது. அவள் நிமிரவில்லை. ஏற்கெனவே நிமிர்ந்துதான் இருக்கிறாள்.

கை கழுத்தின் பின்னால் போகிறது. தேய்க்கிறது. திரும்புகிறது.

ஓர் ஆண் தொழிலாளி 55 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. பெண்ணுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. எத்தனை கிலோ என்று சொல்லவில்லை.