பழைய ஹார்ட் டிஸ்க்கும் நினைப்பவனும்

நினைவு எங்கே தங்கியிருக்கிறது, நினைப்பவன் இல்லாத இடத்திலும் அது நினைவாகவே இருக்குமா என்னும் வினாவைச் சாஸ்திரம் பயிலாமலே எழுப்பிக்கொள்ள விரும்புவோர், அலமாரியில் நெடுங்காலமாகக் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை இன்றைய மேஜைக் கணிப்பொறியுடன் இணைத்துப் பார்க்கலாம்.

இணைப்பது அத்தனை எளிதன்று. 2003-ஆம் ஆண்டையொட்டிச் சாட்டா என்னும் 7 முனை மெல்லிய இணைப்பு வழக்கத்துக்கு வருமுன் செய்யப்பட்ட டிஸ்க்குகளுக்கு 40 முனைகள் கொண்ட ஐ.டி.இ. நாடாக் கேபிள் வேண்டும். அதன் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதலாம் முனையின் பக்கம் அமைய வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் இருக்குமாயின் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை, நகக்கண் அளவேயுள்ள ஜம்பரைப் பின்புறத்து ஊசிகளில் இடம் மாற்றிச் செருகி நாமே விதிக்க வேண்டும். இன்றைய மதர்போர்டுகளில் அதற்கான இடமே பெரும்பாலும் இல்லாமையால், சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றைத் தேட நேரும். அப்போதும், 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு வேண்டிய 12 வோல்ட்டை 5 வோல்ட் தரும் சாதாரண யு.எஸ்.பி. அளிக்காதாகையால், தனி மின்சாரமும் கொடுத்தாக வேண்டும். இத்தனையும் பொருந்திய பின்னரே தகடு சுழலும் ஓசை எழுந்து, கோப்புகளின் பட்டியல் திரையில் தோன்றுகிறது.

அனுபவம் ஆத்மாவில் சம்ஸ்காரத்தைப் பதித்துச் செல்கிறது, உறங்கும் அச்சம்ஸ்காரத்தை ஒப்புமை முதலிய ஏதேனும் ஓர் உத்போதகம் தட்டி எழுப்பும்போது ஸ்மிருதி, அதாவது நினைவு, பிறக்கிறது என்பது நியாய தரிசனத்தின் மதம். கேபிளே உத்போதகம், காந்தப் பதிவே சம்ஸ்காரம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால், 17-ஆம் நூற்றாண்டில் தர்க்கசங்கிரகம் இயற்றிய அன்னம்பட்டர் இதற்கு இசையார். வேகம், பாவனை, ஸ்திதிஸ்தாபகம் எனச் சம்ஸ்காரத்தை மூன்றாகப் பகுத்த அவர், நினைவுக்குக் காரணமான பாவனையை ஆத்மாவுக்கே உரியதாக்கினார். நிலைமாறிய பொருளை மீண்டும் பழைய நிலைக்குக் கொணரும் ஸ்திதிஸ்தாபகத்தையோ பாய் முதலியவற்றில் வைத்தார். நெடுநாள் சுருட்டி வைத்த பாயை விரித்தவுடன் அது தானே சுருண்டுகொள்வதைக் காணாதவர் நம்மில் உண்டோ? தகட்டின் காந்தத் துகள் தன் திசையை விடாது பற்றி நிற்பது அந்தப் பாயின் குணத்துக்கு அண்மையானதேயன்றிப் பாவனை ஆகாதென்பது என் துணிபு.

ஏனெனில், ஒருவன் கண்டதை மற்றொருவன் நினைப்பதில்லை. டிஸ்க்குக்கு அந்த நியமம் இல்லை. எந்தக் கணிப்பொறியில் பூட்டினும், எவர் திறப்பினும், பேதமின்றி அனைத்தையும் ஒப்புவித்துவிடும். கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் பட்டியலிலுள்ள குறிப்பே நீங்குகிறது. வேறொன்று மேலே எழுதப்படும்வரை பதிவு அங்கேயே கிடப்பதால், உரியவர் ஒழித்துவிட்டதாக எண்ணியதையும் அன்னியர் தோண்டியெடுத்துவிடலாம். அன்றியும், யூனிகோடு பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய தமிழ்க் கடிதம், ஓர் எழுத்தும் கெடாதிருந்தும், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளின் குவியலாகவே காட்சியளிக்கும். தன்னைத் தானே அறியாத பதிவு அது.

இவ்விடத்தில் பௌத்தர் குறுக்கிடுவார். கணந்தோறும் தோன்றி மறையும் விஞ்ஞானம் என்னும் உணர்வின் தொடரில் வாசனைகள் என்னும் பதிவுகள் வழிவழியாக வருவதே போதும், நிலைத்த ஆத்மா எதற்கு என்பது அவர் கட்சி. பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்குப் பிரதி எடுத்த கடிதத்தோடு பழைய தகட்டின் அணு ஒன்றும் வந்ததில்லை. ஆயினும் கடிதம் அதுவே அன்றோ என்று அவர் வினவக்கூடும். வலிய வாதமே. எனினும், முன்பு கண்ட நானே இப்போது தொடுகிறேன் என்னும் பிரத்யபிஞ்ஞை அந்தப் பிரதிக்கு இல்லையே என்று நியாயவாதி மறுப்பார். என் மனம் சாய்வதும் அவர் பக்கமே.

ஆயினும் ஓர் இடர் எஞ்சுகிறது. இருபதாண்டுகளுக்கு முன் தாமே எழுதிய கடிதத்தை ஒருவர் இன்று திறந்து படிக்கிறார். எழுதியது சிறிதும் நினைவில் இல்லை. நடையையும் தேதியையும் கொண்டு, எழுதியவர் தாமே என்று தெளிகிறார். இது அனுமானமேயன்றி ஸ்மிருதி அன்று. அண்டை வீட்டாரும் அதே கடிதத்தைப் படித்து அதே முடிவுக்கு வரலாமென்றால், இருவர் அறிவுக்கும் வேற்றுமை யாதென்று பௌத்தர் கேட்பாராயின், நியாயவாதியின் பக்கம் நிற்கும் நானும் விடை சொல்லச் சற்றுத் தயங்கத்தான் வேண்டியிருக்கிறது.