நாற்பதாம் நாள் வெளியூரில் வந்தது



ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்திருக்கிறது. மந்திரித்த மெழுகுதிரிகளை ஏந்தி வாசலிலிருந்து பவனியாக வந்தோம். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைக் கேட்டோம். இந்த நாளில் பெரியவர் சிமியோனைப் பற்றியோ, மரியாவின் உள்ளத்தை ஊடுருவப்போகும் வாளைப் பற்றியோ பேசுவது என் வழக்கம். இன்று அதற்கும் முன்னால், அந்தப் பெற்றோர் கோவில் வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். போன வாரம் நான் மந்திரிக்கப் போன ஒரு வீடுதான் அதற்குக் காரணம்.

முதலில் நற்செய்தியில் வரும் நாள்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம். அன்றே இயேசு என்று பெயரிடுகிறார்கள். லேவியர் நூலின் கணக்குப்படி தாய்க்கு முதலில் ஏழு நாள், அதன்பின் முப்பத்து மூன்று நாள். ஆக, நாற்பது. நாற்பதாம் நாளில் கோவிலுக்குப் பிள்ளையைக் கொண்டுவருகிறார்கள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு என்று சட்டம் அனுமதித்த இரண்டு பறவைகளே அவர்களுடைய காணிக்கை. இந்த நாற்பது நாளும் அவர்கள் எங்கே இருந்தார்கள்? சொந்த ஊரில் இல்லை. வீடு நாசரேத்தில், வடக்கே கலிலேயாவில். பிள்ளை பிறந்ததோ தெற்கே பெத்லகேமில், தங்குவதற்கு இடம் கிடைக்காத ஊரில். உறவுக்காரப் பெண்கள் பக்கத்தில் இருந்ததாக லூக்கா சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினார்கள் என்று மட்டும் எழுதுகிறார்.

"ஊருக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லவில்லை. கையில் காலண்டர் இல்லாத காலம், தலைக்கு மேல் சொந்தக் கூரை இல்லாத நிலை. அதற்கு நடுவிலும் மரியாவோ யோசேப்போ, இருவரில் ஒருவர் நாளை விடாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பல ஆண்டுகளாக இந்தப் பகுதியை வாசித்தும், அந்த எண்ணிக்கையை இந்த வாரம்தான் கவனித்தேன்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன். குடும்பத்தாரின் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் சொல்லப்போவதில்லை. அந்தச் சகோதரிக்கு முதல் பேறுகாலம். நம் வழக்கப்படி தாய் வீட்டுக்குப் போனார், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். பிள்ளை பிறந்த அன்றே காசநோய்க்கான பிசிஜி ஊசி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி வகைக்கான ஊசி மூன்றும் ஆயிற்று. ஆறாம் வாரத் தவணையும் பத்தாம் வாரத் தவணையும் அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியர் கையாலேயே நடந்தன. மூன்றாம் மாதம் பிள்ளையோடு இங்கே கணவர் வீட்டுக்கு வந்தார். பதினான்காம் வாரத் தவணைக்கு அவர் கணவர் ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்து நாள் குறித்து வைத்தார்.

அதற்குள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். புது வீட்டின் உரிமையாளரோ மார்கழி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்றார். மார்கழியிலும் ஆடியிலும் இந்த ஊரில் யாரும் குடி போக மாட்டார்கள், அது உங்களுக்குத் தெரியும். கார்த்திகையின் கடைசி நாள்களில் டெம்போ கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த ஒரே நாள், ஊசிக்குக் குறித்திருந்த அதே நாள். "ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், சாமான் ஏற்றி இறக்கும் வீட்டில் பிள்ளையை அழவிட வேண்டாம், பொங்கல் முடியட்டும்" என்று பாட்டி சொன்னார். பாட்டி சொன்னதில் பாசம்தான் இருந்தது. பொங்கலும் முடிந்தது.

தை மாதம் என்னை மந்திரிக்க அழைத்தார்கள். சமையலறையில் தீர்த்தம் தெளித்துவிட்டு உள் அறைக்குப் போனேன். அங்கே இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். பீடத்தில் வைக்க மாதா சுரூபத்தைத் தேடி அந்தச் சகோதரி ஒரு பெட்டியைத் திறந்தார். சுரூபத்தைச் சுற்றியிருந்த துண்டுக்கு அடியில் பிள்ளையின் தடுப்பூசி அட்டை இருந்தது. அதை எடுத்துப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினான்காம் வாரக் கட்டம் காலியாக இருந்தது. பிள்ளைக்கு அப்போது நான்கு மாதம் தாண்டியிருந்தது.

என் மேலும் தவறு இருக்கிறது. அந்தக் குடும்பம் நம் பங்குக்கு வந்ததும் என்னிடம்தான் குடும்ப அட்டைக்காகப் பேசினார்கள். திருமணம் எந்தப் பங்கில், பிள்ளைக்குத் திருமுழுக்கு எப்போது, எந்த அன்பியம் என்று எல்லாம் கேட்டேன். பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் போதும், அன்றே அந்தத் தாய்க்கு நினைவு வந்திருக்கும்.

பதினான்காம் வாரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் மூன்றாம் தவணை அதில் இருக்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் கொண்டுவரும் ஹிப் கிருமி ஆகியவைதான் அந்த ஐந்து. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் இந்த ஊசி முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். நமக்கு முதலில் கிடைத்ததை வீடு மாறும் அலைச்சலில் நாம் கைநழுவ விடலாமா?

வாடகை ஒப்பந்தம் நமக்கெல்லாம் பதினொரு மாதம்தானே போடுகிறார்கள். அந்தப் பதினொரு மாதத்துக்குள் கைக்குழந்தைக்கு எத்தனை முறை ஊசி நாள் வருகிறது தெரியுமா? பிறந்த அன்று, ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில், பிறகு ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி. ஐந்து முறை. ஒப்பந்தம் முடிந்து வேறு வீடு தேடும்போது, பதினாறாம் மாதத்துக்கு மேல் போட வேண்டியவை காத்திருக்கும். வீடு மாறாமல் இந்தத் தவணைகளை முடிக்கிற குடும்பங்கள் நம் பங்கில் மிகக் குறைவு.

அந்தச் சகோதரியோடு அருகிலிருந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவருடைய அன்பியத் தலைவி அடுத்த புதன்கிழமையே போனார். நம் மாநிலத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அங்கிருந்த செவிலியர் திட்டவில்லை. "தேதி தள்ளிப்போனா விட்ட இடத்துல இருந்து போட்டுக்கலாம்மா, முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம்" என்று சொல்லி, விட்டுப்போன தவணையைப் போட்டு, அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஊசியைத் தவறவிட்ட எத்தனையோ தாய்மார் திட்டு வாங்குவோமே என்ற பயத்தில் மறுபடி போகாமலே இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். தாமதமாகப் போனாலும் போங்கள்.

வீடு மாறப் போகிறவர்களுக்குச் சில காரியங்கள் சொல்ல வேண்டும். டெம்போவுக்குச் சொல்லும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஊசி நாள் அந்த வாரத்தில் விழுந்தால், பழைய இடத்திலேயே போட்டுவிட்டுக் கிளம்ப முடியுமா என்று செவிலியரைக் கேளுங்கள். குறித்த வயது நிறையும் முன் அவர்களே போட மாட்டார்கள். சில நாள் தள்ளிப் போடுவதில் கெடுதல் இல்லை. தள்ளிப் போடுவதானால் புது வீட்டில் முதல் வாரத்திலேயே போட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தெருவிலுள்ள அங்கன்வாடி ஆசிரியையிடம் கேளுங்கள், 104 எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இப்போது யூ-வின் என்ற அரசுத் தளத்தில் கைப்பேசி எண்ணைக் கொண்டு பதிவு செய்து, நாட்டின் எந்த மையத்திலும் நாள் குறித்துக்கொள்ளலாம். பழைய சிம்மைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பதிவு அந்த எண்ணில்தான் இருக்கும். தனியார் மருத்துவரிடம் போடுகிறவர்கள் அவர் கொடுத்த புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். அட்டையாகட்டும் புத்தகமாகட்டும், அது பெட்டியில் போகக் கூடாது. நகை எந்தப் பையில் வருமோ அந்தப் பையில் வரட்டும்.

அரசு மையத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி இலவசம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் போடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் சொல்வது நம்மைப் போல் முகவரி உள்ளவர்களைப் பற்றி மட்டுமல்ல. நம் பங்கு எல்லையில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடங்களைப் பாருங்கள். தகரக் கொட்டகைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளிலும் அப்படித்தான். வேலை முடிந்தால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு வேறிடம் போய்விடுவார்கள். 2014ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இந்திய அரசு தொடங்கிய இந்திரதனுஷ் இயக்கம், ஊசியே போடாத பிள்ளைகளையும் பாதியில் விட்ட பிள்ளைகளையும் தேடிச் சூளைகளுக்கும் கட்டட வேலையிடங்களுக்கும் போனது. போலியோவை ஒழிக்கப் பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் சொட்டு மருந்துக் குழுக்கள் நின்றன. ஓடும் ரயிலுக்குள்ளும் ஏறின. பயணத்தில் இருக்கும் பிள்ளையை விட்டுவிட்டால் நோய் அந்தப் பிள்ளையோடு பயணம் செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு பிள்ளைக்கும் கால் முடங்கவில்லை.

பெரியம்மையின் கதையும் எனக்கு நினைவு வருகிறது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1975 மே மாதம், அசாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்திலிருந்து வந்த வீடற்ற ஒரு பெண், நடைமேடையே அவருக்கு வீடு. நாடு முழுவதும் தேடித் தேடி ஊசி போட்ட காலம் அது. ஆனாலும் அந்த நோய் கடைசியில் போய்த் தங்கியது முகவரியே இல்லாத ஒருவரிடம். இந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து, ரயில் நிலையத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரை என்னால் பழையபடி கடந்துபோக முடிவதில்லை.

தட்டம்மை வந்தவர் இருந்துவிட்டுப் போன அறையில் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேரைப் பிடிக்கும். நம் பிள்ளைக்கு ஊசி போடுவது, இன்னும் ஊசி வயது வராத எதிர்வீட்டுப் பச்சிளம் பிள்ளைக்கும் காவல். தடுப்பூசி போட்டுக்கொள்வதை அன்பின் செயல் என்று கொரோனா காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அன்றைய திருச்சட்டத்தின் சடங்கும் இன்றைய ஊசியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வெளியூரில், கை வறண்ட நிலையில், பிள்ளைக்குரிய நாளைத் தவறவிடாத ஒரு தாயும் தந்தையும் நமக்கு முன்னோடியாக இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். கோவிலில் அவர்களுக்காகக் காத்திருந்த இரண்டு முதியவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிமியோன் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கினார். அன்னா அங்கே மீட்புக்காகக் காத்திருந்தவர்களிடமெல்லாம் பிள்ளையைப் பற்றிப் பேசினார். வெளியூரிலிருந்து வந்த குடும்பத்தை இரண்டு முதியவர்கள் எதிர்கொண்டார்கள். நம் அன்பியங்களில் அப்படி எத்தனை பாட்டிகள், தாத்தாக்கள் இருக்கிறீர்கள்! உங்கள் தெருவில் புதிதாகப் பால் காய்ச்சும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், எந்த மதத்தவராக இருந்தாலும், புதன்கிழமை எங்கே போக வேண்டும் என்று நீங்கள் போய்ச் சொல்லுங்கள். கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது.

நம் பங்கின் குடும்ப அட்டைப் படிவத்தில் இனி ஒரு வரி கூடுதலாக இருக்கும்: குழந்தையின் அடுத்த தடுப்பூசித் தேதி. அதை நானே கேட்டு எழுதிக்கொள்வேன். கட்டடத் தொழிலாளர் கொட்டகைகளுக்கு வரும் புதன்கிழமை காலை சுகாதார செவிலியரோடு போக இந்தி தெரிந்த இரண்டு பேர் வேண்டும். திருப்பலி முடிந்ததும் அலுவலக வாசலில் நிற்பேன். வர முடிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.