யார் குறித்த நாள்?

சென்னை அஸ்தினாபுரத்தில் ஒருவர் காலையில் கைப்பேசியில் திறக்கும் கோயில் இணையதளம் ஒரே இடத்தில் உருவானதாக இருப்பது அரிது. திதியும் நட்சத்திரமும் ஒரு பஞ்சாங்கச் சேவையின் தரவு ஓடையிலிருந்து வரும். அபிஷேகக் காட்சி யூடியூபிலிருந்து வரும். வழி சொல்லும் வரைபடம் கூகுளுடையது. அர்ச்சனைக் கட்டணத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொள்ளும். இப்படிக் கூட்டிச் சேர்த்ததை எந்த உரிமையில் ‘ஒன்று’ என்கிறோம்? இந்தியத் தத்துவம் வெகுகாலம் மல்லுக்கட்டிய கேள்வி இது. அச்சும் சக்கரமும் நுகமும் கூடும்போது ‘தேர்’ என்ற பெயர் வழங்குகிறது, அதற்கு மேல் தேர் என்று தனியே ஒன்றில்லை என்று மிலிந்த மன்னனுக்கு விளக்கினார் பௌத்தத் துறவி நாகசேனர். நியாய தத்துவத்தைச் சேர்ந்த நையாயிகர்கள் இதை ஏற்கவில்லை. உறுப்புகளில் தங்கி, அவற்றிலிருந்து வேறாக நிற்கும் முழுமை உண்டு என்றார்கள். இராமானுசர் வேறு வழியாக வந்தார். ஓர் உயிரால் தாங்கப்பட்டு, அதனால் இயக்கப்பட்டு, அதன் பொருட்டே இருப்பது எதுவோ அதுவே அந்த உயிருக்கு உடல் என்று ஸ்ரீபாஷ்யத்தில் வரையறுத்தார். கையும் காலும் ஒரே சாயலில் இருப்பதால் உடல் ஒன்றாவதில்லை. தாங்குபவர் ஒருவர் இருப்பதால் ஒன்றாகிறது. சேர்த்துக் கட்டிய தளத்துக்கும் இதுவே சரியான அளவுகோல் என்று கருதுகிறேன்.

தாங்குபவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பஞ்சாங்கம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று சனிப்பெயர்ச்சி நடந்தது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று நடந்தது. பதினோரு மாத இடைவெளி. 2025 மார்ச் 29 பெயர்ச்சி என்று செய்தி பரவியபோது, தங்கள் வழக்கம் வாக்கியம், அன்று பெயர்ச்சி இல்லை என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வாக்கியம் தலைமுறைகளாக மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு கணக்கிடுகிறது. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கைக் கொண்டு கணக்கிடுகிறது. இரண்டும் தத்தம் வழியில் ஒழுங்கானவை. ஆனால் நாட்காட்டியை ஒன்றிலிருந்தும் விழாச் செய்தியை மற்றதிலிருந்தும் எடுத்து அருகருகே வைத்தால், ஒரே வாய் இரண்டு நாள் சொன்னதாகிவிடும். வடநாட்டு ஓடை சேர்ந்தால் சிக்கல் கூடும்: அங்கே பல பகுதிகளில் மாதம் பௌர்ணமியோடு முடிகிறது, நமக்கோ சூரியன் ராசி மாறும்போது பிறக்கிறது. கண்ணன் பிறந்த நாளை அஷ்டமியில் கொள்வோரும் உண்டு, ரோகிணியில் கொள்வோரும் உண்டு. ஏழரைச் சனி என்ற கலக்கத்தோடு எள் தீபம் ஏற்றக் கிளம்புகிறவர் இந்த வேறுபாட்டையெல்லாம் எப்படி அறிவார்?

எழுத்துருவும் நிறமும் ஒன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பது மட்டுமல்ல, தீங்கும் கூட. யாரும் சரிபாராத தகவலுக்கும் கோயிலின் குரல் கிடைத்துவிடுகிறது. முரண்பாடு கண்ணில் படாமல் போகிறது. நாகசேனர் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இதைவிட வலியது: தளம் என்பது வெறும் பெயர்தானே, அதற்கு எதற்கு ஒருமை? பெயர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரை நம்பித்தான் ஒருவர் விரதம் இருக்கிறார், பேருந்து ஏறுகிறார். வாய்மையை எண்வழிப் பாதையில் வைத்த பௌத்தமும் பெயருக்கு இந்தப் பொறுப்பை மறுக்காது. இன்னொரு மறுப்பில் எனக்கு உடன்பாடு உண்டு: அயல் சேவையைத் தளத்தின் பொறுப்பாளர் இயக்க முடியாது, ஆகவே இராமானுசரின் வரையறை முழுதாகப் பொருந்தாது. உண்மைதான். ஆனால் எந்த ஓடையை ஏற்பது, எதை நீக்குவது, எதை யார் வாக்காகச் சொல்வது என்பவை அவர் கையில்தான் இருக்கின்றன. அவர் தாங்க வேண்டியது அவ்வளவே.

அப்படியானால் ஒரு தேதியை வைத்து மற்றதை அழிப்பதா? வேண்டியதில்லை. அஸ்தினாபுரத்துக்கு அருகிலேயே, திருமங்கையாழ்வார் பாடிய திருநீர்மலையில், அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நிற்கிறார். மலைமேல் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் சயனித்திருக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். நான்கு கோலங்களையும் யாரும் ஒரே சிலையாக வார்க்கவில்லை. ஒவ்வொரு சன்னிதிக்கும் தனிப்பெயர் உண்டு; தலம் ஒன்றே. தளத்திலும் இரண்டு தேதிகளும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் முன்னும் ‘திருக்கணிதப்படி’, ‘வாக்கியப்படி’ என்ற சொல் நிற்கட்டும். இந்தக் கோயில் எதன்படி பூசை செய்கிறது என்ற ஒரு வரியை, எந்த ஓடையிலிருந்தும் எடுக்காமல், கோயிலே எழுதட்டும்.