கோடு எங்கே விழுகிறது?

ஒரு செல்லின் மேல் ஒரு குறிப்பிட்ட ஏற்பி இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் கேள்வி போலத்தான் தெரியும். ஆய்வகத்தில் இதையே எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அவ்வளவு சுலபத்தில் முடிகிற கேள்வி இல்லை இது.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதம். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்க்க முடியாது. அதனால் அதோடு மட்டும் ஒட்டுகிற ஆன்டிபாடி ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றி அனுப்புகிறோம். 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸும் சகாக்களும் நிமோனியா கிருமியைக் கண்டுபிடிக்க இந்த வழியைக் காட்டினார்கள். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையைக் கண்டார்கள். அதற்குப் பிறகு இது உலகம் முழுக்க அன்றாட வேலையாகிவிட்டது. ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கும். 488 நானோமீட்டர் நீல ஒளி பட்டதும் சாயம் ஏறிய செல் பச்சையாக ஒளிரும். எவ்வளவு ஒளிர்ந்தது என்பது எண்ணாகப் பதிவாகும்.

ஆக மெஷின் தருவது "எவ்வளவு" என்பதை மட்டும்தான். "இருக்கிறதா" என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். திரையில் இரண்டு குன்றுகள் தெரியும். இடதுபுறம் மங்கலான செல்கள், வலதுபுறம் பிரகாசமானவை. நடுவில் பள்ளம். பள்ளத்தில் ஒரு கோடு போட வேண்டும். "கேட் போடுறது" என்போம். பள்ளம் காலியாக இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பல நேரம் அது காலியாக இருக்காது. சிடி4 என்ற ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உதவி டி-செல்களில் அது நிறைய இருக்கும். மோனோசைட் என்ற வேறு வகை செல்லிலும் இருக்கும், ஆனால் கொஞ்சமாக. வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி நடுவில் கிடந்த புள்ளிகளைக் காட்டிக் கேட்டாள்: "அக்கா, இது பாசிட்டிவா நெகட்டிவா?" "நீ என்ன கேள்விக்காக எண்ணுறேன்னு முதல்ல சொல்லு," என்றேன். அவள் முறைத்தாள். ஆனால் நிஜமாகவே வேறு பதில் கிடையாது.

கோடு மனம்போனபடி போடுவதல்ல. சாயமே ஏற்றாத செல்கள், ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் ஏற்றிய செல்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் போடுவோம். அப்படியும் கடைசியில் ஒரு சின்ன இடைவெளி மிஞ்சும். நெல் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்தால் எந்த மணியோடு அது குவியலாக இல்லாமல் போகிறது என்ற பழைய புதிர்தான் இது. ஆய்வகத்தில் இதற்காக யாரும் தூக்கம் கெடுவதில்லை. 41 சதவீதமா 42 சதவீதமா என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

அதே எண் ஒரு மனிதரின் கைக்குப் போகும்போது கதை மாறுகிறது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைவது சிடி4 ஏற்பி வழியாகத்தான். நோய் முற்ற முற்ற அந்த ஏற்பி உள்ள டி-செல்கள் குறையும். நலமாக இருப்பவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். யாருக்கு எப்போது மருந்தைத் தொடங்குவது என்பதற்கு இந்த எண்ணையே வாசலாக வைத்தார்கள். நோயின் அறிகுறிகள் தீவிரமாகாதவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2006-இல் சொன்ன எல்லை 200. 2010-இல் அது 350 ஆனது, 2013-இல் 500. 2015-இல் எல்லையே வேண்டாம், தொற்று இருப்பவர் எல்லோருக்கும் மருந்து கொடுங்கள் என்றார்கள். இந்தியாவில் அரசின் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. எல்லோருக்கும் மருந்து என்ற கொள்கை இங்கே வந்தது 2017-இல்.

இடைப்பட்ட வருடங்களில் 190 உள்ளவருக்கு மருந்து, 210 உள்ளவருக்கு "அப்புறம் வாங்க". இத்தனைக்கும் ஒரே ஆளுக்குக் காலையில் ஒரு எண் வரும், மாலையில் வேறு வரும்.

அப்படியென்றால் அந்தக் கோடு அநியாயமா? சட்டென்று ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து குறைவு, அன்றைய மாத்திரைகளின் பக்கவிளைவுகள் கடுமை. கோடே இல்லாதிருந்தால் யாருக்கு மருந்து என்பதைப் பணமும் சிபாரிசும் முடிவு செய்திருக்கும். ஆள் தெரியாதவருக்கு எண் ஒரு பாதுகாப்பு. கட்-ஆஃப் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இது தெரியும். அதைத் திட்டுவோம், அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று பயப்படவும் செய்வோம்.

தவறு வேறு இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். "மெஷின் சொல்லுது" என்று பேசத் தொடங்கும் இடத்தில். 210 என்பது அளவு. 210-க்கு மருந்து வேண்டாம் என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. 2015-இல் ஸ்டார்ட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 35 நாடுகளில் 4,685 பேர், எல்லோருக்கும் தொடக்கத்தில் சிடி4 எண்ணிக்கை 500-க்கு மேல். உடனே மருந்து தொடங்கியவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிடக் கடுமையான நோயோ மரணமோ நேரும் ஆபத்து 57 சதவீதம் குறைவாக இருந்தது. காத்திருந்தவர்களின் எண் எதுவும் பொய்யில்லை. பொருத்தமில்லாமல் போனது "இந்த எண் இருந்தால் பொறுக்கலாம்" என்ற முடிவு. அந்த முடிவை எண்ணின் தலையில் கட்டியிருந்தால் அதை மாற்ற யாருக்கும் தோன்றியிருக்காது. கோடு நாம் போட்டது என்று நினைவிருந்தவர்கள்தான் அதை நகர்த்தினார்கள்.

எங்கள் துறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டுத் தப்ப முடியாது; கேட் எங்கே போட்டாய், எதைப் பார்த்துப் போட்டாய் என்று படத்தோடு காட்டச் சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து "இங்கே ஏன் போட்டே?" என்று கேட்கலாம். நோயாளியின் கைக்குப் போகும் சீட்டிலோ எண்ணும், பக்கத்தில் வழக்கமான அளவும்தான். சக ஆய்வாளருக்குக் காட்டும் இந்த மரியாதையை, அந்த எண்ணால் மருந்து கிடைக்கப்போகிறவருக்கும் கிடைக்காமல் போகிறவருக்கும் காட்ட வேண்டாமா?