கணக்கில் எழுதாத செலவு

செலவின்றி வரவு உண்டா? அறநூலார் இவ்வினாவை வாழ்க்கையில் எழுப்பினர். இயற்பியலார் வெப்பப் பொறியில் எழுப்பினர்.

பேராக் மாநிலத்து மாணவர்க்கு இதனை விளக்க ஓர் இரப்பர் பட்டை போதும். பளுவைத் தொங்கவிட்டு இழுபட்ட இரப்பரைச் சூடாக்கினால் அது நீளாது. சுருங்கிப் பளுவைத் தூக்கும். குளிர்ந்தால் மீண்டும் நீளும். சூடேற்றினால் இரப்பர் சுருங்கும் இயல்பை ஜான் கஃப் 1805ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். இவ்வாறு வெப்பத்தை வேலையாக்கும் எதுவும் வெப்பப் பொறியே. ஆயின், பெற்ற வெப்பம் முழுவதையும் எப்பொறியும் வேலையாக்குவதில்லை. ஒரு பகுதியைக் குளிர்ந்த புறத்திற்கு ஈந்தே தீரவேண்டும். 1824இல் சாடி கார்னோ இதற்கோர் எல்லை கண்டார். 100 பாகை செல்சியசுக்கும் 30 பாகைக்கும் இடையே இயங்கும் பொறி, நூற்றில் ஏறத்தாழ 19 பங்குக்கு மேல் வேலையாக்க இயலாது.

பொறி அணுவளவாகச் சிறுத்தால் அவ்வெல்லை தளருமா? 2016இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒரே ஒரு கால்சிய அயனி வெப்பப் பொறியாக இயக்கப்பட்டது. குவாண்டம் உலகில் ஒரு துகள் இரு நிலைகளின் கலப்பாக நிற்க வல்லது. அக்கலப்பினால், குறித்த சில சூழல்களில், ஒரே கால அளவில் கூடுதல் வேலை கிடைப்பதை 2019இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் வைரத்தைக் கொண்டு காட்டினர். அதற்கு முன்பே, 2017இல், சூரிச் ஆய்வாளர் குவாண்டம் ஒளியியல் தந்த ஓர் உத்தியைக் கையாண்டனர். வெப்ப அதிர்வை ஒருபுறம் ஒடுக்கி மறுபுறம் பெருக்கி ஊட்டியபோது, நுண்பொறி கார்னோ எல்லையையே கடந்தது.

விதி பொய்த்துவிடவில்லை. அதிர்வை அவ்வாறு ஒடுக்கவும் ஆற்றல் செலவாகிறது. அதனையும் கணக்கில் சேர்த்தால் விதி நிலைபெறும். இலாபம் மிகுந்து தோன்றியது, கணக்கின் எல்லைக்கோடு குறுக வரையப்பட்டதால்தான்.

கோட்டைக் குறுக வரையும் இப்பிழை ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரியதன்று. 1950களில் மலாயாவின் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, விற்றவர் ஏட்டில் நிலத்தின் விலை வரவாயிற்று. பால்மரம் சீவிய தொழிலாளர் இழந்த வேலையும் வீடும் அவ்வேட்டில் இடம்பெறவில்லை. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய அம்முயற்சி, விடுபட்ட செலவைக் கணக்கிற் சேர்த்த முயற்சியெனலாம்.

திருக்குறளின் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரம் இழப்பையும் ஆக்கத்தையும் ஒருங்கே எண்ணுமாறு பணிக்கிறது. இயற்பியல் விதியும் அதனையே கூறுவதுபோல் தோன்றும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இயற்கையின் கணக்கை எவராலும் ஏமாற்ற இயலாது. ஏட்டில் எழுதாவிடினும் செலவை அது வாங்கியே தீரும். மனிதர் கணக்கிலோ, ஒருவர் எழுதாது விட்ட செலவை வேறொருவர் வாய்திறவாது செலுத்துகிறார். அவர் யாரெனத் தேடிக் காண்பதே அறத்தின் முதற்பணி.